ஜவ்வு மிட்டாயும் வெள்ளி பூசிய ஃபில்டர் பேப்பரும்

சித்திரைத் தேரோட்டத்துக்குப் போன இடத்தில் மகளுக்கு ஜவ்வு மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். கம்பின் உச்சியில் கைதட்டும் பொம்மை, அதன் கீழே உருண்டையாகச் சுற்றிய ரோஸ் நிற மிட்டாய். மிட்டாய்க்காரர் அதிலிருந்து ஒரு இழையை இழுத்து முறுக்கி அவள் மணிக்கட்டில் வாட்ச் கட்டிவிட்டார். வீடு வந்து சேர்வதற்குள் வாட்ச் வயிற்றுக்குள் போய்விட்டது. கையில் ரோஸ் வளையம் மட்டும் நின்றது. சோப்புப் போட்டோம், தேங்காய் எண்ணெய் தேய்த்தோம், மறுநாள் பயத்தமாவும் போட்டுப் பார்த்தோம். மூன்றாம் நாள்தான் முழுசாக மறைந்தது.

நான் திருச்சியில் ஒரு கல்லூரியின் வேதியியல் லேபில் வேலை பார்க்கிறேன். தோலை விட்டுப் போகாத ரோஸ் நிறம் என்றதுமே மனதில் வந்த பெயர் ரோடமைன்-பி. துணிக்கும் காகிதத்துக்கும் போடுகிற சாயம் அது. உணவில் சேர்க்க அனுமதி கிடையாது. 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் அது இருப்பது தெரிந்து, முதலில் புதுச்சேரியிலும் அடுத்துத் தமிழ்நாட்டிலும் தடை வந்தது பலருக்கு நினைவிருக்கும். நம் நாட்டில் உணவில் போடலாம் என்று அனுமதித்த செயற்கைச் சிவப்புகள் பான்சோ 4ஆர், கார்மோசின், எரித்ரோசின். அவற்றுக்கும் மிட்டாய் போன்றவற்றில் கிலோவுக்கு 100 மி.கி. என்ற உச்சவரம்பு உண்டு.

சந்தேகம் வந்துவிட்டால் சும்மா இருக்க முடியாது. கலவையிலிருந்து சாயத்தைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி கருவி எங்கள் துறையில் இல்லை. இருந்தது ராமன் நிறமாலைக் கருவி. அதை வைத்து, வெள்ளி நானோ துகள் பூசிய காகிதத்தில் இந்தச் சாயத்தைப் பிடித்துவிடலாம் என்று இறங்கினேன். நான்கு மாதம் ஆனது. எங்கே எது தவறியது, எது கைகொடுத்தது என்று வரிசையாக எழுதி வைக்கிறேன். இதைச் செய்து பார்க்க நினைக்கிற ஆசிரியருக்கோ மாணவருக்கோ அந்த நான்கு மாதம் நான்கு வாரமாகச் சுருங்கினால் எனக்கு நிறைவு.

முதலில் ஏன் வெள்ளி என்பது. ஒரு பொருளின் மேல் லேசர் ஒளியை அடித்தால் சிதறி வருகிற ஒளியில் ஏறக்குறைய எல்லாமே போன நிறத்திலேயே திரும்பும். கோடியில் ஒரு ஒளித்துகள் மட்டும் அந்த மூலக்கூறின் அதிர்வுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டு நிறம் மாறி வரும். எவ்வளவு மாறியது என்பதுதான் மூலக்கூறின் கைரேகை, கருவியின் திரையில் அது கோடுகளாகத் தெரியும். நாங்கள் இருக்கும் இடத்திலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த சி.வி. ராமன், கே.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து கல்கத்தாவில் 1928 பிப்ரவரி 28 அன்று உறுதி செய்தது இதைத்தான். சூரிய ஒளி, இரண்டு நிறக் கண்ணாடிகள், தன் கண் ஆகியவற்றை வைத்தே அதை முதலில் கண்டார். கோடியில் ஒன்று என்பதை அந்தக் கருவிகளோடு பிடித்திருக்கிறார் என்பது லேபில் லேசரோடு உட்கார்ந்து திணறுகிற ஒவ்வொரு முறையும் என்னை வணங்க வைக்கிறது.

கோடியில் ஒன்று என்றால் சிட்டிகைச் சாயம் கலந்த சர்க்கரையில் ஒன்றும் தெரியாது. இங்கேதான் வெள்ளி வருகிறது. 1974-இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் ஃபிளைஷ்மன், ஹென்ட்ரா, மெக்குவில்லன் மூவரும் சொரசொரப்பாக்கிய வெள்ளி மின்முனையில் ஒட்டிய பிரிடின் என்ற கரிமச் சேர்மத்திலிருந்து வலுவான ராமன் கோடுகள் வருவதைப் பார்த்தார்கள். சொரசொரப்பால் பரப்பு கூடியதே காரணம் என்று எண்ணினார்கள். 1977-இல் இரண்டு குழுக்கள், பரப்பை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது, பெருக்கம் ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் மடங்கு என்று காட்டின. வெள்ளித் துகளுக்குள் இருக்கும் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து ஊஞ்சலாடுகின்றன. அதனால் துகளை ஒட்டிய இடத்தில் மின்புலம் பெருகுகிறது. உள்ளே வரும் ஒளியும் பெருகும், நிறம் மாறி வெளியே போகும் ஒளியும் பெருகும். ஆகவே புலம் 30 மடங்கு கூடினால் சிக்னல் கூடுவது 30-இன் நான்காம் அடுக்கு, அதாவது எட்டு லட்சம் மடங்கு. ஆனால் இதெல்லாம் துகளிலிருந்து சில நானோமீட்டர் தூரத்துக்குள் மட்டும். இரண்டு துகள்கள் ஒன்றையொன்று தொடாமல், ஒரு நானோமீட்டர் அளவு இடைவெளி விட்டு நிற்கும் சந்தில்தான் பெருக்கம் உச்சம். ஆகவே மொத்த வேலையும் அந்தச் சந்துகளை உண்டாக்குவதும், சாயத்தை அங்கே கொண்டுபோய் உட்கார வைப்பதும்தான்.

பச்சை லேசரில் பட்ட பாடு

துறையில் மாணவர்கள் கட்டிய 532 நானோமீட்டர் பச்சை லேசர் அமைப்பு ஒன்று இருந்தது. அதில்தான் தொடங்கினேன். ரோடமைன்-பி கரைசலை வைத்து லேசரைப் போட்டதும் குப்பி முழுக்க ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. பார்க்க அத்தனை அழகு. திரையில் மட்டும் ஒரு பெரிய மலை, கோடு ஒன்றுகூட இல்லை.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. இந்தச் சாயம் பச்சை ஒளியை ஆவலாக விழுங்கி 580 நானோமீட்டரை ஒட்டி ஒளிரும். 532 லேசரில் 1000 முதல் 1650 வரையான (செ.மீ.⁻¹ என்ற அலகில்) ராமன் கோடுகள் விழுவது 562 முதல் 583 நானோமீட்டருக்குள். அதாவது ஒளிர்வின் உச்சியிலேயே போய் விழுகின்றன. தேர்க்கூட்டத்து மேளத்துக்குள் ஒருவர் காதில் சொல்லும் பேச்சு மாதிரி. வெள்ளியைத் தொட்டுக்கொண்டிருக்கும் மூலக்கூறின் ஒளிர்வை வெள்ளியே அடக்கிவிடும். ஆனால் காகித நாரில் வெள்ளியைத் தொடாமல் கிடக்கும் மீதிச் சாயம் விடாமல் ஒளிரும். இரண்டு வாரம் போராடிவிட்டு அதை விட்டேன்.

பக்கத்துத் துறையில் 785 நானோமீட்டர் கையடக்க ராமன் கருவி இருந்தது. அந்த ஒளியை ரோடமைன் விழுங்காது, ஆகவே ஒளிராது. சனிக்கிழமைகளில் பயன்படுத்திக்கொள்ள அனுமதி கேட்டு வாங்கினேன். 785 கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மங்கலாக இருக்கும். தெரியவில்லையே என்று நினைப்பதுதான் ஆபத்து, விழித்திரையை அது சுடும். அந்த அலைநீளத்துக்கென்று குறிக்கப்பட்ட கண்ணாடியை எல்லோரும் போட்ட பிறகுதான் சுவிட்சைத் தொட வேண்டும் என்று கதவிலேயே எழுதி ஒட்டினேன்.

தண்ணீர்

வெள்ளிக் கூழ்மத்துக்கு, அதாவது வெள்ளி நானோ துகள் மிதக்கும் தண்ணீருக்கு, லீ, மெய்செல் இருவரும் 1982-இல் எழுதிய முறையைப் பிடித்தேன். 500 மி.லி. தண்ணீரில் 90 மி.கி. சில்வர் நைட்ரேட், கொதிக்கும்போது ஒரு சதவீத டிரைசோடியம் சிட்ரேட் 10 மி.லி., ஒரு மணி நேரம் கொதி. அவ்வளவுதான். நான் ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தேன்: 100 மி.லி. தண்ணீர், 18 மி.கி. சில்வர் நைட்ரேட், 2 மி.லி. சிட்ரேட். எங்கள் தராசில் 18 மி.கி.யை நம்பி நிறுக்க முடியாது. 180 மி.கி.யை 10 மி.லி.யில் கரைத்து அதில் 1 மி.லி. எடுத்துக்கொண்டேன்.

முதல் தடவை சில்வர் நைட்ரேட் விழுந்த நொடியிலேயே பீக்கர் பால் கலந்ததுபோல் வெளுத்தது. ஜன்னலோரம் வைத்திருந்ததில் பத்து நிமிடத்தில் ஊதா கலந்த சாம்பலாக மாறியது. சில்வர் குளோரைடு. அன்று வாலைத் தண்ணீர் (காய்ச்சி வடித்தது) தீர்ந்துபோய்க் கேன் தண்ணீரை ஊற்றியிருந்தேன். அதற்கடுத்த தடவை லேபின் வாலைத் தண்ணீரிலேயே செய்தேன், அப்போதும் இலேசான மேகம். வாலை அடுப்பைத் திறந்து பார்த்தால் உப்பு ஏடு ஏடாகப் படிந்திருந்தது. கொதி மேலேறித் தெறித்து அந்தப் பக்கம் கலந்திருக்கிறது.

இந்த அளவு வெள்ளிக்கு, லிட்டரில் ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கு குளோரைடு இருந்தாலே கணக்குப்படி வீழ்படிவு தொடங்கிவிடும். எங்கள் ஊர் போர்வெல் தண்ணீரில் குளோரைடு எவ்வளவு இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். அடுப்பை நீர்த்த அமிலத்தில் கழுவி, இரண்டு தரம் வடித்த தண்ணீரை எடுத்தேன். அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்: எந்தத் தண்ணீரானாலும் ஒரு சோதனைக் குழாயில் எடுத்து ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டு, பின்னால் கறுப்புத் தாளைப் பிடித்து ஐந்து நிமிடம் பார்ப்பது. மேகம் இல்லையென்றால் மட்டும் மேலே போகலாம். பீக்கர், ஸ்டிரர் குண்டு எல்லாவற்றையும் நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஊறப்போட்டு இதே தண்ணீரில் மூன்று முறை அலசினேன். கையுறை கட்டாயம். இல்லையென்றால் விரலில் விழும் கறுப்புப் புள்ளி ஒரு வாரத்துக்குப் போகாது.

மூன்றாவது தடவை அமைந்தது. கொதி நன்றாகப் பிடித்த பிறகு சிட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். முதல் சில நிமிடம் ஒன்றும் இல்லை, வெறும் தண்ணீர். பிறகு பீக்கரின் நடுவில் மட்டும் இலேசாக எலுமிச்சை மஞ்சள். அது பரவி, கருத்து, அரை மணி நேரத்தில் பச்சையோடிய சாம்பல் மஞ்சளாக, கொஞ்சம் கலங்கலாக நின்றது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒரு நிறம், பக்கவாட்டில் பார்த்தால் ஒரு நிறம். வாட்ச் கிளாஸால் மூடி வைத்தும் ஆவியாகிற தண்ணீரை அவ்வப்போது கொதிநீராலேயே நிரப்பினேன். நீர்த்து, ஒளி உறிஞ்சலை அளக்கும் கருவியில் வைத்தபோது உறிஞ்சல் உச்சி 424 நானோமீட்டரில் விழுந்தது. புத்தகத்தில் சொல்வது 420-ஐ ஒட்டி. அன்று சாப்பிடக் கூடப் போகவில்லை.

காகிதமும் உப்பும்

கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுக் கூழ்மம் விட்டுக் காயவைத்தால் காபி டம்ளரின் வட்டக்கறை மாதிரி துகள் எல்லாம் ஓரத்துக்கு ஓடிவிடுகிறது. நடுவில் லேசரை வைத்தால் ஒன்றுமில்லை, ஓரத்தில் வைத்தால் ஒரேயடியாக எகிறுகிறது. அதனால் காகிதம். வாட்மன் 1 ஃபில்டர் பேப்பரை ஆபீஸ் பஞ்சிங் மெஷினால் வட்ட வில்லைகளாக வெட்டினேன். நார்களுக்குள் துகள் சிக்கிக்கொள்ளும், ஓரத்துக்கு ஓடுவது குறையும்.

கூழ்மத்தை அப்படியே விட்டால் சிக்னல் மிகப் பலவீனம். துகள்கள் சிட்ரேட்டின் நெகட்டிவ் மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகியே நிற்கின்றன, சந்து உண்டாவதில்லை. இங்கேதான் சாதாரண உப்பு உதவுகிறது. முதலில் பகையாக இருந்த அதே குளோரைடு, துகள் உருவான பிறகு அளவோடு வந்தால் நட்பு. உப்பு அந்தத் தள்ளலை மறைத்துத் துகள்களை நெருங்க விடுகிறது.

சோதனைக் குழாயில் இதைக் கண்ணால் பார்க்கலாம். 1 மி.லி. கூழ்மத்தில் உப்புக் கரைசலை ஒவ்வொரு சொட்டாக விட்டேன். முதல் இரண்டு சொட்டுக்கு மாற்றமில்லை. மூன்றாவது சொட்டு இறங்கிய பாதையிலேயே மஞ்சள் கீற்று சாம்பலாக மாறியது. குழாயை ஒரு முறை கவிழ்த்து எடுத்ததும் முழுக் குழாயும் மழைமேக நிறம். நான்காவது, ஐந்தாவது சொட்டுக்குப் பிறகு கால் மணி நேரத்தில் மேலே தெளிந்த தண்ணீர், அடியில் கரும்பொடி. அந்த மழைமேக நிறத்துக்கும் கரும்பொடிக்கும் நடுவே இருக்கிற கொஞ்ச நேரம்தான் நமக்கு வேண்டியது. அதைப் போகவிட்டால் துகள்கள் ஒட்டிக் கட்டியாகிவிடும், சந்து மூடிவிடும்.

அந்த நேரத்தைத் துரத்திப் பிடிப்பதற்குப் பதிலாக உப்பைக் காகிதத்திலேயே வைத்துவிட்டேன். வில்லைகளை 20 மில்லிமோலார் உப்புக் கரைசலில் அரை மணி ஊறவைத்துக் காயவைத்தேன். கூழ்மத்தை செண்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மேல்தண்ணீரை இறுத்து, கன அளவை இருபதில் ஒரு பங்காகக் குறைத்து அடர்த்தியாக்கினேன். வில்லைக்கு 5 மைக்ரோலிட்டர் வீதம் மூன்று தடவை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. சொட்டு நாரைத் தொட்டதும் அங்கேயே உப்பைச் சந்தித்து அங்கேயே நெருங்கிக்கொள்கிறது. காய்ந்த வில்லை பழைய வெள்ளிக் கொலுசின் நிறத்தில் இருந்தது.

இடையில் செம்புத் தகட்டைச் சில்வர் நைட்ரேட்டில் முக்கி, வெள்ளி பெரணி இலை மாதிரி வளர்வதையும் செய்து பார்த்தேன். இரண்டு நிமிட வேலை. சில இடங்களில் காகிதத்தைவிட வலுவான சிக்னல். ஆனால் ஒரு மில்லிமீட்டர் தள்ளினால் பாதியாகிவிடும். மாணவர்களுக்குச் செய்து காட்ட அருமையானது, அளப்பதற்கு ஆகாது.

பாராசிட்டமாலும் எரிந்த காகிதமும்

ராமன் கோட்டின் இடம் தவறினால் சாயத்தின் பெயரே தவறிவிடும். கருவியைச் சரிபார்க்க விலையுயர்ந்த தரப்பொருள் ஏதும் தேவைப்படவில்லை. பாராசிட்டமால் மாத்திரையே போதும். அதன் கோடுகள் 797.2, 857.9, 1168.5, 1236.8, 1323.9, 1648.4 என்று தரநிலையிலேயே பதிவாகியிருக்கின்றன. எல்லாம் செ.மீ.⁻¹ கணக்கு. எங்கள் கருவி எல்லாவற்றையும் ஆறு கூட்டிக் காட்டியது. திருத்தினேன். அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் முதல் அளவு மாத்திரைக்குத்தான்.

அடுத்தது சக்தி. சீக்கிரம் முடியட்டும் என்று லேசரை 50 மில்லிவாட்டில் வைத்தேன். 1350, 1580 இரண்டு இடத்திலும் அகலமான இரட்டை மேடு வந்தது. ரோடமைனின் முக்கியக் கோடு ஒன்று 1358-ஐ ஒட்டி இருப்பதால் ஒரு மணி நேரம் அதையே சாயம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். வில்லையை எடுத்து லென்ஸில் பார்த்தால் ஊசி முனை அளவுக் கறுப்புப் புள்ளி. வெள்ளி சூடாகிக் காகிதம் கருகி, கரியின் மேடுகள்தான் தெரிந்திருக்கின்றன. 10 மில்லிவாட், ஐந்து விநாடி என்று குறைத்ததும் அவை போய்விட்டன. அகலமான மேடு வந்தால் முதலில் கரியைச் சந்தேகிக்க வேண்டும். மூலக்கூறின் கோடு ஒல்லியாக நிற்கும்.

வெறும் வில்லை சொன்னது

லிட்டருக்கு 10, 1, 0.1, 0.01 மி.கி. என்று ரோடமைன்-பி கரைசல்கள் தயாரித்தேன். ஒவ்வொன்றிலும் வில்லையை இருபது நிமிடம் ஊறவைத்து, சுத்தத் தண்ணீரில் அலசி, காயவைத்து, ஒரு வில்லைக்கு இருபது இடங்களில் அளந்தேன். 10 மி.கி. கரைசலில் 621, 1200, 1280, 1358, 1508, 1648 எல்லாம் வரிசையாக எழுந்து நின்றன. நான்கு வருடமாக வகுப்பில் படம் போட்டுக் காட்டிய கோடுகள், நான் கொதிக்க வைத்த வெள்ளியின் மேல். 1 மி.கி.யிலும் அப்படியே, உயரம் மட்டும் குறைவு. 0.1-இல் 621, 1358, 1508 மூன்றும் தெளிவு. 0.01-இல்கூட எல்லா இடத்திலும் 1508 இலேசாகத் தெரிந்தது.

எல்லா இடத்திலும் என்பதுதான் உறுத்தியது. அவ்வளவு நீர்த்தால் சில இடத்தில் தெரிந்து சில இடத்தில் தெரியாமல் போக வேண்டும். அப்போதுதான் செய்ய மறந்த ஒன்று நினைவுக்கு வந்தது. சாயமே படாத வெறும் வில்லையை நான் அளக்கவில்லை. எடுத்து வைத்தேன். அதிலும் 1508, 1358 இரண்டும்.

உடம்பு சில்லிட்டுப்போனது. தண்ணீரை மாற்றினேன், சிட்ரேட்டை மாற்றினேன், மைக்ரோபிப்பெட் டிப்பெல்லாம் புதுசு எடுத்தேன். கோடுகள் போகவில்லை. உதவிக்கு வந்த இறுதியாண்டு மாணவியிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் மெதுவாகக் கேட்டார்: "சார், நான் வில்லை வெட்டுறதுக்கு முன்னாடி பேப்பர்ல கட்டம் போட்டேனே, அதுவா இருக்குமா?" எந்தப் பேனா என்று கேட்டேன். மேசை டிராயரைத் திறந்து எடுத்தார். பிங்க் ஹைலைட்டர்.

பல பிங்க் ஹைலைட்டர்களில் ரோடமைன் வகைச் சாயங்கள்தான் இருக்கின்றன. கட்டக்கோடு பெரும்பாலான வில்லைகளில் படவில்லை, ஆனால் உப்புக் கரைசலில் எல்லா வில்லைகளையும் ஒன்றாக ஊறப்போட்டபோது ஓரத்தில் கோடு பட்ட ஓரிரண்டு துண்டு எல்லாவற்றுக்கும் ஊட்டிவிட்டது. அந்தப் பிள்ளை கேட்டிருக்காவிட்டால் நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன். அளக்கிற ஒவ்வொரு வரிசையிலும் முதலில் வெறும் வில்லை, கடைசியிலும் வெறும் வில்லை என்ற விதி அன்று எழுதப்பட்டது. பென்சில் தவிர எதுவும் காகிதத்தின் அருகே வரக்கூடாது என்பதும்.

எல்லாம் புதிதாகச் செய்த பிறகு வெறும் வில்லையில் காகிதத்தின் சொந்தக் கோடு 1095-இலும், சிட்ரேட்டின் மங்கலான சுவடும் மட்டும். 0.1 மி.கி.யில் இருபதுக்கு இருபது இடத்திலும் ரோடமைன். 0.01-இல் இருபதுக்கு மூன்று. ஆகவே 0.1-ஐ என் எல்லையாக வைத்துக்கொண்டேன். 0.01 முடியும் என்று எழுதினால் பெருமையாகத்தான் இருக்கும், ஆனால் நாளைக்கு ஒரு கடைக்காரரின் பண்டத்தை அதை வைத்துச் சொல்ல முடியாது.

ஒரே வில்லைக்குள் இடத்துக்கு இடம் கோட்டின் உயரம் ஐந்தில் ஒரு பங்கு வரை ஏறி இறங்குகிறது. அதனால் 'இருக்கிறதா' என்ற கேள்விக்கு இந்தக் காகிதம் பதில் சொல்லும், 'எத்தனை மி.கி.' என்ற கேள்விக்கு ஏகதேசமாகத்தான் சொல்லும். காற்றில் விட்டுவைத்தால் வெள்ளி கருக்கும். ஜிப்லாக் பையில் மூடி வைத்தவை ஒரு மாதத்தில் பாதி வலுவாகிவிட்டன. வாரத்துக்கு வேண்டியதை மட்டும் செய்வதே நல்லது. மீந்த வெள்ளித் தண்ணீரைத் தொட்டியில் கொட்டாமல் ஒரு பாட்டிலில் சேர்த்து, உப்புப் போட்டுப் படியவைத்து எடுத்துவைக்கிறேன்.

மிட்டாய்

சர்க்கரை பெரிய தடையாக இருக்கும் என்று பயந்தேன். ஒரு கிராம் மிட்டாயில் சாயம் நூறு மைக்ரோகிராம்கூட இருக்காது, மீதி எல்லாம் சர்க்கரை. ஆனால் சர்க்கரைக்கு வெள்ளியில் ஒட்டும் குணமில்லை. இரத்தச் சர்க்கரையை இந்த முறையில் அளக்க முயன்றவர்களுக்கு அதுவே தொல்லை, வெள்ளியின் மேல் வேறொரு படலம் கட்டித்தான் குளுக்கோஸை அருகே வரவைக்க முடிந்தது. எனக்கு அதுவே வசதி. ஒரு கிராம் மிட்டாயை 20 மி.லி. தண்ணீரில் கரைத்து, வில்லையை ஊறவைத்து, அலசினால் சர்க்கரை தண்ணீரோடு போய்விடும், நேர் மின்னூட்டமுள்ள சாயம் வெள்ளியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

உண்மையில் அப்படித்தானா என்று பார்க்க நானே சர்க்கரைப் பாகில் தெரிந்த அளவு ரோடமைன் போட்டு ஒன்று, எரித்ரோசின் போட்டு ஒன்று, நிறமே இல்லாமல் ஒன்று என்று மூன்று செய்து, மாணவியை எண் மாற்றி ஒட்டச் சொன்னேன். எது எது என்று தெரியாமல் அளந்ததில் மூன்றும் சரியாக வந்தன. எரித்ரோசின் பலவீனமாகவே ஒட்டியது, சிட்ரேட்டைப் போல அதற்கும் நெகட்டிவ் மின்னூட்டம். அதன் கோடுகளும் வேறு இடங்களில் விழுந்தன, 1648 அருகே ஒன்றுமில்லை.

பிறகு கடை வீதியிலிருந்து வாங்கிய ஆறு ரோஸ் நிறப் பண்டங்கள். தேன் மிட்டாய், சர்க்கரை பூசிய சோம்பு, ரோஸ் தேங்காய் பர்ஃபி உட்பட முதல் ஐந்திலும் வெறும் வில்லையின் கோடுகள் தவிர எதுவும் இல்லை. ஆறாவது அந்த ஜவ்வு மிட்டாய். இருபதுக்கு இருபது. 621, 1280, 1358, 1508, 1648.

இது வழக்குக்குப் போகக்கூடிய ஆதாரம் இல்லை. அதற்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் வேண்டும். மிட்டாய்க்காரர்மேல் புகார் எழுதவும் மனம் வரவில்லை. முதலில் போய்ப் பேசினேன்.

"அண்ணே, கலர் பொடி எங்க வாங்குறீங்க?"

"மொத்தக் கடையில சார். பொட்டலமா கட்டித் தருவாங்க. ஒரு சிட்டிகை போட்டா ஒரு சட்டி பாகுக்குக் காணும்."

பொட்டலத்தில் பெயர் இல்லை, எண் இல்லை. அவர் முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறார், பேரப்பிள்ளைகளுக்கும் இதே மிட்டாய்தான். அளந்ததைக் காட்டினேன். திரையில் இருந்த கோடுகளைவிட, என் மகள் கையில் மூன்று நாள் நின்ற நிறத்தைச் சொன்னபோதுதான் அவர் முகம் மாறியது. மீதிப் பொடியை என்னிடமே கொடுத்துவிட்டார்.

அவருக்கு என்ன கொடுப்பது என்று யோசித்தேன். எரித்ரோசின் ஆகாது, பாகு உறையாமல் இருக்க அவர் எலுமிச்சை பிழிகிறார், புளிப்பில் அந்தச் சாயம் கரையாமல் திரிந்துவிடும். கார்மோசின் புளிப்பைத் தாங்கும். லேபிள் உள்ள டப்பா வாங்கி, அதில் அச்சிட்ட சாய அளவை வைத்துக் கணக்குப் போட்டு, 10 மி.லி.க்கு 100 மி.கி. சாயம் இருக்கிற மாதிரி கரைசல் செய்து, ஒரு மருந்து மூடியில் 8 மி.லி.க்குக் கோடு கிழித்துக் கொடுத்தேன். கிலோ சர்க்கரைக்கு ஒரு மூடி, அதற்கு மேல் வேண்டாம்.

இரண்டு வாரம் கழித்து அவருடைய புது மிட்டாயை அளந்தேன். 621 இல்லை, 1508 இல்லை. சொல்லப் போனபோது அவருக்கு வேறொரு குறை இருந்தது.

"பகல்ல நல்லாத்தான் இருக்கு சார். ராத்திரி டியூப் லைட்டுல பழைய கலர் மாதிரி மின்ன மாட்டேங்குது. பிள்ளைங்க தூரத்துலேர்ந்து பார்த்து ஓடி வரும், இப்ப பக்கத்துல வந்தாத்தான் தெரியுது."

அவர் சொன்னது சரி. கார்மோசின் அப்படி ஒளிராது. பச்சை லேசரில் என் கோடுகளை இரண்டு வாரம் மூடி வைத்திருந்த அதே ஆரஞ்சு ஒளிர்வுதான், இவ்வளவு நாளும் அவர் கம்பத்தில் தொங்கிப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பொம்மைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எல்இடி விளக்கு மாட்டலாமா என்று இருவரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பேட்டரி எங்கே வைப்பது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.